பழைய காரும் மலை ரோடும்: ஆயில் சீல், பேக்கிங், ஹோஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் உதிரிபாகக் கடைக் கவுண்டரில் நிற்பவனுக்குப் பாதி நேரம் பொருள் எடுத்துக் கொடுப்பதில் போகும். மீதி நேரம் ஒரே சந்தேகத்துக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்வதில் போகும். பழைய காரைத் தன் கையாலேயே பார்த்துக்கொள்ளத் தொடங்கியவர்கள் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே போட்டிருக்கிறேன். பெரும்பாலும் மாருதி 800, ஆம்னி, அம்பாசடர் வைத்திருப்பவர்கள். நடுவில் சில ஜீப்காரர்களும் உண்டு.

"அண்ணா, சீல் வேணுமா பேக்கிங் வேணுமான்னு கேக்கறீங்க. எனக்கு எது எங்க வரும்னே தெரியலைங்க."

சுற்றுகிற தண்டு இன்ஜினுக்குள்ளிருந்து வெளியே வரும் இடத்தில் இருப்பது ஆயில் சீல். பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டின் முனையிலும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் முனையிலும் இருக்கும். ஒரு ரப்பர் உதடு, அதைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்க உள்ளே மெல்லிய ஸ்பிரிங், அவ்வளவுதான். அசையாத இரண்டு பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இடத்தில் இருப்பது பேக்கிங். கேஸ்கட் என்றாலும் அதுதான். இன்ஜின் உச்சியில் இருக்கும் டேப்பட் கவர், அடியில் ஆயில் தேங்கும் ஆயில் சேம்பர், வாட்டர் பம்ப், சிலிண்டருக்கு மேல் உட்காரும் ஹெட் எல்லாவற்றுக்கும் உண்டு.

கடைக்கு வரும்போது வண்டியின் மாடல், வருஷம், கார்புரேட்டரா எம்பிஎஃப்ஐயா (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் வகையா) என்பதைச் சொல்லுங்கள். கழற்றிய பழையதை வீசாமல் கையோடு கொண்டுவாருங்கள். மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் பேக்கிங் செட்டுக்குப் பஞ்சமில்லை. இங்கே இல்லாததைக் கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லலாம்.

"காலையில பார்த்தா வண்டிக்குக் கீழ கறை. எந்த சீல் போச்சுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

சீலுக்குப் போவதற்கு முன்னால் சொட்டுவது என்ன என்று பாருங்கள். இரவு வண்டிக்கடியில் ஓர் அட்டையை விரித்துவிட்டால் காலையில் தெரிந்துவிடும். கறுப்பாகவோ பழுப்பாகவோ வழவழவென்று இருந்தால் இன்ஜின் ஆயில். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தோடு, லேசான இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட். கெட்டியாக, மூக்கைப் பிடிக்கிற கந்தக வாடை என்றால் கியர் ஆயில். நிறமில்லாமலோ வெளிர் மஞ்சளாகவோ, சக்கரத்தின் உட்புறமோ பிரேக் பெடலுக்கு நேர் கீழேயோ இருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் வண்டியைப் பக்கத்துத் தெரு வரைக்கும்கூட எடுக்காதீர்கள்.

இன்ஜின் ஆயில்தான் என்று முடிவானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் வேறு வேறு. ஆயில் கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். போதாததற்கு நம் ஊரில் பாதி வண்டிகள் நிற்பதே சரிவில். மூக்கு மேலே பார்த்து நின்றால் முன்பக்கம் கசிந்த ஆயில் ஊர்ந்து வந்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் சொட்டும். பின் கிராங்க் சீல் போய்விட்டது என்று பயந்து கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால், கசிந்தது டேப்பட் கவர் பேக்கிங்காக இருக்கும்.

ஆகவே முதல் வேலை கழுவுவது. இன்ஜின் ஆறியதும், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரையும் ஆல்டர்னேட்டரையும் துணியால் மூடிவிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து அழுக்கைக் கரைத்து, துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, டார்ச் அடித்து மேலிருந்து கீழே பாருங்கள். உடனே தெரியாவிட்டால் ஓரிரு நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். ஈரமான இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ அதுதான் ஆரம்பம். டேப்பட் கவர், டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் இடத்து ஓ-ரிங் (ரப்பர் வளையம்), கேம் சீல், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டர், முன் கிராங்க் சீல், கடைசியாக ஆயில் சேம்பர் என்ற வரிசையில் பார்க்கலாம். பிரஷர் சுவிட்ச்சை யாரும் சந்தேகப்படுவதில்லை. மாற்ற ஒரு ஸ்பானர் போதும். கழுவாமலே வந்து சீல் கேட்பவருக்கும் நான் எடுத்துத்தான் கொடுக்கிறேன், வியாபாரம் அது. ஆனால் அவர் மறுபடி வருவார் என்று எனக்குத் தெரியும்.

"எதை நானே மாத்தலாம், எதைத் தொடக் கூடாது?"

ரேடியேட்டர் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ், வேக்குவம் குழாய், டேப்பட் கவர் பேக்கிங், தெர்மோஸ்டாட் பேக்கிங், டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங்: இவை புதியவருக்கு ஏற்றவை. தப்பினாலும் கசியும், இன்ஜின் போகாது. ஆயில் சேம்பர் பேக்கிங் கொஞ்சம் பொறுமை கேட்கும். டைமிங் பெல்ட் (கிராங்கையும் கேமையும் இணைக்கும் பல் பெல்ட்) உள்ள இன்ஜினில் முன் கிராங்க் சீலும் கேம் சீலும் அதற்குப் பின்னால் இருப்பவை. பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி ஒழுங்காக ஓடாது, சில இன்ஜினில் வால்வு வளையும். முதல் தடவை தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அங்கே கை வைக்கும்போது பெல்ட், சீல்கள், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுவது லாபம். கழற்றி மாட்டும் வேலைதான் பெரிது, சீல் விலை ஒன்றுமில்லை.

ஹெட் கேஸ்கட், பின் கிராங்க் சீல், வால்வு சீல் மூன்றையும் ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடுங்கள். ஹெட் வளைந்திருந்தால் லேத்தில் பேசிங் போட வேண்டும். பின் சீலுக்கு கியர்பாக்ஸ் இறங்க வேண்டும்.

"என்னென்ன டூல்ஸ் வாங்கணும்?"

ரிங் ஸ்பானர் செட், சாக்கெட் செட், நல்ல ஸ்குரூ டிரைவர், இடுக்கி, எவ்வளவு முறுக்குகிறோம் என்று காட்டும் சின்ன டார்க் ரெஞ்ச். வண்டிக்கு அடியில் போவதாக இருந்தால் ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். வெறும் ஜாக்கை நம்பிப் படுக்காதீர்கள். சமமான தரை கிடைக்காத ஊர் இது. கீழ்ப்பக்கச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்காமல் ஜாக் ஏற்றாதீர்கள். சரிவு அதிகமென்றால் அந்த இடத்தில் வேண்டவே வேண்டாம்.

"ஹோஸ் பார்க்க நல்லாத்தாங்க இருக்கு. எதுக்கு மாத்தணும்?"

வெளித்தோல் ஏமாற்றும். இன்ஜின் ஆறின பிறகு முனைக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லாகக் கெட்டித்திருந்தாலோ, நொறுநொறு என்று சத்தம் வந்தாலோ, ஓரிடம் மட்டும் மெத்தென்று இருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. நடுப்பகுதி நன்றாக இருந்தும் கிளிப் கடித்த இடத்தில் வெடிப்பு ஓடியிருக்கும். ஆயில் பட்டு ஊதிப்போன ஹோஸும் போனதுதான். கூலன்ட் ஹோஸின் ரப்பருக்கு ஆயில் ஆகாது. ஆயில் கசிவை நிறுத்தாமல் அதற்கடியில் புது ஹோஸ் போட்டால் அதுவும் அதே கதிதான்.

கழற்றும்போது பழைய ஹோஸை முறுக்கி இழுக்காதீர்கள். வருஷக்கணக்கில் ஒட்டிக்கிடந்தது வராது. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து உடைந்து கையோடு வரும். பிளேடால் நீளவாக்கில் கீறி, வாழைப்பழத் தோல் மாதிரி உரித்து எடுங்கள். கீறல் கழுத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பதைத் தேய்த்து எடுத்து, கூலன்ட்டைத் தடவிப் புது ஹோஸை ஏற்றுங்கள். கிரீஸ் வேண்டாம், காரணம் மேலேயே சொன்னேன். கழுத்தில் ஒரு மேடு இருக்கும். கிளிப் அந்த மேட்டைத் தாண்டி உள்பக்கம் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே முறுக்கினால் முதல் ஏற்றத்திலேயே கழன்றுகொள்ளும்.

"மேட்டுப்பாளையம் வரைக்கும் நல்லா வருது. பர்லியார் தாண்டினா கொதிக்குது. ஹெட் கேஸ்கட் போயிருச்சுங்களா?"

இருக்கலாம், ஆனால் அங்கிருந்து ஆரம்பிக்காதீர்கள். ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆரம்பியுங்கள். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். குன்னூரில் சுமார் 94 டிகிரியிலும், 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் 92, 93-லும் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் கொதித்துவிடும். பல கார்களில் ரேடியேட்டர் ஃபேன் சுழலத் தொடங்குவதே 92-லிருந்து 98 டிகிரிக்குள்தான். மூடியின் ரப்பர் வாஷர் கெட்டு, அழுத்தம் நிற்காமல் போனால், ஃபேன் போடுவதற்குள் கொதி வந்துவிடும். 0.9 என்று அழுத்த அளவு எழுதிய நல்ல மூடி இருந்தால் வெறும் தண்ணீரே ஊட்டியில் 114 டிகிரி வரை தாங்கும். கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே. கீழே சமவெளியில் கெட்ட மூடியோடு சமாளித்த வண்டி மலையில் மாட்டிக்கொள்வதற்கு இதுதான் காரணம். மூடியை மாற்றும்போது அதே எண்ணுள்ளதாக வாங்குங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறக்கவே கூடாது.

மூடி சரியென்றால் ஃபேன் சுவிட்ச், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் அடைப்பு என்று போங்கள். ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கிடந்தால் அதுவும் மூடியின் கோளாறே; ஆறும்போது கூலன்ட்டைத் திரும்ப உள்ளே விடும் சின்ன வால்வு சிக்கியிருக்கும். இவை எல்லாம் சரியாக இருந்தும், ஆறின இன்ஜினை மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால், அப்போது ஹெட் கேஸ்கட்டைப் பற்றிப் பேசலாம்.

"ஏத்தத்துல சூடாகுதுன்னு தெர்மோஸ்டாட்டையே கழட்டச் சொல்றாங்க..."

சொல்வார்கள். கழற்றாதீர்கள். ஏற்றத்தில் ஒரு மணி நேரம் ஓடுகிற வண்டி, மற்ற நாளெல்லாம் பனியிலும் குளிரிலும் மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான் ஓடுகிறது. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் ஊட்டிக் குளிரில் சூடேறவே ஏறாது. பெட்ரோல் குடிக்கும், ஹீட்டர் வராது, ஆயிலில் ஈரம் தங்கும். ஈரத்தைப் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி வருகிறது.

"கூலன்ட் எதுக்குங்க, தண்ணி போதாதா?"

போதாது. தண்ணீர் உள்ளே துருவேற்றும். துருதான் வாட்டர் பம்ப் சீலைத் தின்னும். தலைகுந்தா பக்கம் ஜனவரியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி பூக்கிற இரவில் வெறும் தண்ணீரோடு வண்டியை வெளியே நிறுத்துவது வீண் வம்பு. டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். கலக்கத் தேவையில்லாததும் உண்டு, பாதிக்குப் பாதி டிஸ்டில்ட் வாட்டர் கலக்க வேண்டியதும் உண்டு. நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒரு நிறம் போடும்.

"ஹோஸ் மாத்தி கூலன்ட் ஊத்தினேன். முள் மேல ஏறுது, ஆனா ஹீட்டர்ல குளிர்காத்துதான் வருது."

உள்ளே காற்று அடைத்திருக்கிறது. இதற்கு மட்டும் சரிவு நமக்கு உதவும். மூக்கு மேலே பார்க்க நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஆறின இன்ஜினில் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஐடிலில் ஓட விடுங்கள். மேல் ஹோஸைக் கையால் அழுத்தி அழுத்தி விட்டால் குமிழி வெளியேறும், மட்டம் இறங்கும். ஊற்றிக்கொண்டே வந்து, குமிழி நின்றதும் மூடுங்கள். சில இன்ஜினில் காற்று வெளியேற்றத் தனி ஸ்குரூ இருக்கும். மறுநாள் காலை மட்டத்தை மறுபடி பாருங்கள்.

"டேப்பட் கவர் பேக்கிங் புதுசு போட்டும் கசியுதுங்க. பேக்கிங் டூப்ளிகேட்டா?"

என் சரக்கைக் குறை சொல்வதற்கு முன்னால் போல்ட்டை எவ்வளவு முறுக்கினீர்கள் என்று சொல்லுங்கள். கசிந்தால் இன்னும் முறுக்கு என்று கை தானாகப் போகும். தகரக் கவர் என்றால் போல்ட் ஓட்டையைச் சுற்றிக் குழிந்துபோகும். ரப்பர் பிதுங்கி நடுவில் இடைவெளி விடும். மேனுவலில் உள்ள அளவுக்கு, நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றாக முறுக்குங்கள். குழிந்த கவரைச் சமமான கட்டையில் வைத்துத் தட்டி நேராக்கலாம். பழைய பேக்கிங்கின் துணுக்கு ஹெட்டில் ஒட்டியிருந்தாலும் கசியும். மாருதி மாதிரி வண்டிகளில் ஹெட் அலுமினியம்; உளியோ பிளேடோ போட்டுச் சுரண்டினால் கோடு விழும், அந்தக் கோட்டின் வழியே கசியும். மரச்சிம்போ பிளாஸ்டிக் சுரண்டியோ போதும்.

எல்லாம் சரியாகச் செய்தும் கசிந்தால், பிரீதரைப் பாருங்கள். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே வரும் புகை வெளியேறும் வழி அது. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் இளகியதோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். ஒன்றை மாற்றினால் அடுத்தது கசியும். பிரீதர் குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி ஊதிப் பாருங்கள். அந்த வழியில் பிசிவி வால்வு (புகையை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) இருந்தால் குலுக்கிப் பாருங்கள், கலகலக்க வேண்டும். ஒரு வண்டியில் இரண்டு மூன்று இடத்தில் ஒரே சமயத்தில் கசிவு ஆரம்பித்தால், சீல் வாங்க வருவதற்கு முன்னால் இதைச் செய்துவிட்டு வாருங்கள்.

"அனபாண்ட் தாராளமாத் தடவிட்டா கசியவே கசியாதுல்ல?"

அனபாண்ட் என்கிற சிலிகான் பசை வெளியே பிதுங்குகிற அளவு உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கினது பிய்ந்து, ஆயில் சேம்பரின் சல்லடையில் போய் அடைக்கும். ஆயில் ஏறாமல் பேரிங் போகும். ரப்பர் பேக்கிங்குக்கு முழுக்கத் தடவவே வேண்டாம். மேனுவல் சொல்லும் மூலைகளில், இரண்டு பாகம் சந்திக்கும் இடத்தில், ஒரு பொட்டு. சிலிகான் குளிரில் மெதுவாகத்தான் இறுகும். சாயங்காலம் தடவி இரவே ஸ்டார்ட் செய்யாமல் ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

"தைலத்துல கழுவினா பிசுக்கு நல்லாப் போகுதுங்களே?"

போகும். யூகலிப்டஸ் தைலம் பசையைக் கரைக்கும், நம் ஊரில் அதற்குக் குறைவுமில்லை. ஆனால் ரப்பரை ஊத வைக்கும், தீயும் பிடிக்கும். வெறும் இரும்புப் பாகத்தில் பழைய பேக்கிங் கோந்தை எடுக்க வேண்டுமானால் துணியில் தொட்டுத் துடையுங்கள். சீல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பெட்ரோலில் கழுவும் பழக்கமும் வேண்டாம்.

"பெட்ரோல் ஹோஸுக்கு ரேடியேட்டர் கடை ஹோஸ் துண்டு போடலாமா?"

கூடவே கூடாது. கூலன்ட் ஹோஸ் பெட்ரோலில் ஊறி இளகும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளில் வந்த பெட்ரோல் ஹோஸே அதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. உள்பக்கம் உரிந்து கார்புரேட்டர் ஜெட்டில் அடைக்கும், இல்லாவிட்டால் வெடித்துச் சூடான இன்ஜின்மேல் சொட்டும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், கிளிப்பும் புதிதாகப் போடுங்கள். இங்கே சொன்னவற்றில் அவசரமாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டென்றால் இதுதான்.

"கல்லட்டி இறங்கி மசினகுடியில ஆக்சிலேட்டர் மிதிச்சா பின்னாடி நீலப் புகை. அப்புறம் சரியாயிடுது."

வால்வு சீல். 36 கொண்டை ஊசி வளைவையும் லோ கியரில், ஆக்சிலேட்டரை விட்டு இறங்குகிறீர்கள். காற்றை உள்ளே விடும் திராட்டில் வால்வு மூடியிருக்க, இன்ஜின் வேகமாகச் சுற்றுவதால் இன்டேக்கில் பலமான வெற்றிடம் உண்டாகும். கெட்டித்துப்போன வால்வு சீலைத் தாண்டி ஆயிலை அது உறிஞ்சும். கீழே வந்து மிதிக்கும்போது அது மொத்தமாக எரிகிறது. ஏறும்போதும் விடாமல் நீலப் புகை வந்தால் சந்தேகம் ரிங் பக்கம் போகும். பழைய டீசல் ஜீப்புக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது; பெட்ரோல் வண்டி மாதிரி காற்றை மூடும் திராட்டில் பெரும்பாலானவற்றில் இல்லை. புகைக்குப் பயந்து நியூட்ரலில் மட்டும் இறங்காதீர்கள். ஆயில் மட்டத்தைப் பார்த்து ஊற்றிக்கொண்டு, வசதிப்படும்போது சீலை மாற்றுங்கள்.

"ஆயில் மூடியைத் திறந்தா உள்ள வெள்ளையா நுரை. ஹெட் கேஸ்கட் போச்சுன்னு பயமுறுத்தறாங்க."

டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அதில் ஆயில் சுத்தமாக இருந்து, கூலன்ட் மட்டமும் குறையாமல், மூடியில் மட்டும் நுரை என்றால் பெரும்பாலும் அது ஈரம். குளிர்காலத்தில் இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் உள்ளே வியர்த்து, ஆயிலோடு கலந்து மூடியில் படியும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினவர்களுக்கு இது நிச்சயம் வரும். துடைத்துவிட்டு, குன்னூரிலிருந்து கோத்தகிரி போய்த் திரும்புகிற மாதிரி ஒரு நல்ல ஓட்டம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். டிப் ஸ்டிக்கிலேயே பால் கலந்த நிறம் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

"கசிவை அடைக்கிற டப்பா ஊத்திட்டா போதும்னாங்களே?"

விற்கிறேன், என் வண்டிக்கு ஊற்ற மாட்டேன். ரேடியேட்டர் கசிவை அடைப்பது ஹீட்டரின் மெல்லிய குழாயையும் சேர்த்து அடைக்கும்.

"கழட்டின ஆயிலையும் கூலன்ட்டையும் எங்க ஊத்தறது?"

டீத்தோட்டத்து ஓடையில் மட்டும் வேண்டாம். குன்னூர் ஆற்றில் விழுவது பவானியில் போய்ச் சேரும். பழைய ஆயிலைக் கேனில் பிடித்து, ஒர்க்‌ஷாப்பில் சேர்த்து வைக்கும் டிரம்மில் கொடுங்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும். தட்டில் பிடித்ததை ஒரு நிமிஷம்கூடத் திறந்து வைக்காதீர்கள்.

"ஆயில் சீலை எந்தப் பக்கம் பார்த்து அடிக்கணும்? சைஸ் எப்படிச் சொல்றது?"

ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயில் இருக்கும் பக்கம். பழையதை எடுப்பதற்கு முன் அது எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சீலின் முகத்தில் 35, 50, 8 என்கிற மாதிரி மூன்று எண் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். அளவு ஒத்துப்போனால் மட்டும் போதாது, ரப்பரும் ஒத்துப்போக வேண்டும். சூடு அதிகமான கிராங்க் பக்கம் சாதாரண நைட்ரைல் சீல் சீக்கிரம் கெட்டிக்கும். விட்டான் (Viton) என்ற ரப்பரில் செய்த சீல் நெடுநாள் நிற்கும். உதட்டில் ஆயில் தடவி, சீலின் வெளிவிட்டத்துக்குச் சமமான சாக்கெட்டையோ பைப் துண்டையோ வைத்து, சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள். கோணலாக இறங்கினால் உதடு மடியும், ஸ்பிரிங் கழன்று விழும். விழுந்த சத்தம்கூடக் கேட்காது.

"எல்லாம் நீங்க சொன்னபடிதாங்க செஞ்சேன். புது கிராங்க் சீலும் பழைய இடத்துலயே கசியுது."

பிரீதரைப் பார்த்தாயிற்று, ஸ்பிரிங் பக்கமும் சரி என்றால், தண்டில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பழைய சீலின் உதடு வருஷக்கணக்கில் உராய்ந்து ஒரு பள்ளம் போட்டிருக்கும். நகம் அதில் தட்டினால், புது சீலின் உதடும் அதே பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. இடமிருந்தால் சீலை ஓரிரு மில்லிமீட்டர் முன்னோ பின்னோ உட்கார வையுங்கள்; உதடு தேயாத இடத்தில் ஓடும். ஆயில் போகும் ஓட்டையை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் இடமில்லை என்றால் தண்டின்மேல் ஏற்றும் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் உண்டு. கடையில் எப்போதும் இருப்பில் இருக்காது. பள்ளம் இல்லாத இடத்தில் தண்டின் விட்டத்தை வெர்னியரில் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள், வரவழைத்துத் தருகிறேன்.